புகைபோக்கி அடுப்பு: பழுதறிதலும் பராமரிப்பும்

சமையல் எரிவாயு நமது நாட்டில் பல கோடி இல்லங்களை எட்டியுள்ள போதிலும், விறகும் சுள்ளியும் வறட்டியும் அடுப்பங்கரையை விட்டு முற்றிலும் அகன்றுவிடவில்லை. 2019-21-ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, சமையலுக்குத் தூய எரிபொருளை உபயோகிக்கும் குடும்பங்கள் நாடு முழுவதற்கும் 58.6 சதவீதம், கிராமப்புறங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 43.2 சதவீதமே. எரிவாயு இணைப்புப் பெற்ற வீடுகளிலுங்கூட வெந்நீர் வைப்பதற்கும், நெல் அவிப்பதற்கும், கால்நடைத் தீவனம் காய்ச்சுவதற்கும் விறகடுப்பு எரிந்த வண்ணமே இருக்கிறது.

இத்தகைய இல்லங்கள் பலவற்றில் புகைபோக்கியுடன் கூடிய அடுப்பு ஒன்று எப்பொழுதோ அமைக்கப்பெற்றிருக்கும். அமைத்த ஆண்டில் அது நன்கு எரிந்திருக்கும். இன்றோ அதன் குழாய் அடைபட்டு, மேடை வெடித்து, புகையெல்லாம் அறைக்குள்ளேயே சுழன்றுகொண்டிருக்கும். அல்லது அதைக் கைவிட்டுப் பக்கத்தில் மூன்று கற்களைக் கூட்டிச் சமையல் நடந்துகொண்டிருக்கும். "அடுப்பு சரியில்லை" என்று வீட்டார் கூறுவர். உண்மையில் அடுப்பில் குறை இருப்பது அரிது. அதைப் பேணும் முறை அவர்களுக்குச் சொல்லித்தரப்படாமையே பெரும்பாலும் குறையாகும். அம்முறையை இக்கட்டுரை விளக்குகின்றது. இதில் கூறப்படும் வேலைகளுள் பெரும்பான்மையானவற்றிற்குக் களிமண், மணல், சாம்பல், ஒரு கயிறு, ஒரு கந்தல் துணி ஆகியவற்றிற்கு மேல் எதுவும் தேவையில்லை.

அனுபவம் கற்பித்த பாடம்

புகையில்லாச் சமையலறை என்னும் கருத்து நமது நாட்டிற்குப் புதியதன்று. 1947-இல் வார்தாவைச் சேர்ந்த மகன்வாடியில் 'மகன் சூலா' என்னும் அடுப்பு உருவாக்கப்பெற்றது. ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு, புகைபோக்கியுள்ள மண் அடுப்பு ஒன்றை வகுத்து, அதைப் பற்றிய நூலை 1953-இல் சென்னையில் வெளியிட்டார். பின்னர் 1983-இல் மத்திய அரசு மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கிற்று. 2002-இல் அத்திட்டம் முடிவுறுவதற்குள் ஏறக்குறைய 3.5 கோடி அடுப்புகள் நாடெங்கும் அமைக்கப்பெற்றன.

அவற்றுள் எத்தனையோ அடுப்புகள் நெடுங்காலம் உழைக்கவில்லை. இதன் காரணத்தை ஒடிசாவில் சுமார் 2,600 குடும்பங்களிடையே நடத்தப்பெற்று 2016-இல் வெளியான ஓர் ஆய்வு தெளிவாக்குகின்றது. புகைபோக்கி அடுப்புப் பெற்ற வீடுகளில் சமைப்போர் உட்கொண்ட புகை முதலாண்டில் குறைந்தது. ஆனால் நான்கு ஆண்டுகள் வரையில் தொடர்ந்து கவனித்தபொழுது அந்த நன்மை மறைந்துவிட்டது. விறகுச் செலவிலும் குறைவு ஏற்படவில்லை. அடுப்பைத் தவறாமலும் முறைப்படியும் உபயோகிக்காமையும், பழுது பார்க்க வேண்டிய முயற்சியை மேற்கொள்ளாமையுமே அதற்குக் காரணங்கள் எனக் கண்டறியப்பட்டது. அடுப்பை அமைத்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடமாகும்.

இது சிக்கனத்தைப் பற்றிய விஷயம் மட்டுமன்று. வீட்டினுள் எழும் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 32 லட்சம் பேர் உயிரிழந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அப்புகையின் நடுவே நாள்தோறும் பல மணி நேரம் அமர்ந்திருப்பவர் வீட்டுப் பெண்களும் அவர்கள் மடியிலுள்ள குழந்தைகளுமே ஆவர்.

அடுப்பு வேலை செய்யும் விதம்

பழுதைக் கண்டுபிடிக்க வேண்டுமாயின் அடுப்பு எவ்வாறு வேலை செய்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். சாதாரணமாக இரு பாத்திரங்கள் வைக்கும் மண் அடுப்பில் பின்வரும் உறுப்புகள் இருக்கும். விறகு செருகும் வாய். விறகு எரியும் தீ அறை. அதன் மேல் முதல் அடுப்புக் கண். தீ அறையிலிருந்து இரண்டாம் கண்ணுக்குச் செல்லும் புகைவழி. இரண்டாம் பாத்திரத்தின் அடியில் தீயை மேல்நோக்கித் திருப்பும் சிறு தடுப்பு மேடு. இறுதியாகக் கூரைக்கு மேலே நீண்டு செல்லும் புகைபோக்கி. சில அடுப்புகளில் தீ அறையினடியில் இரும்புக் கம்பித் தட்டும், புகைபோக்கியின் அடியில் கரியை அகற்றுவதற்கான சிறு துப்புரவு வாயிலும், இழுப்பைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு தகடும் இருப்பதுண்டு.

சூடான வாயு இலேசானது. குளிர்ந்த காற்று கனமானது. புகைபோக்கியினுள் நிற்கும் சூடான வாயுவை வெளியிலுள்ள கனமான காற்று மேலே தள்ளுகிறது. அப்பொழுது அடுப்பின் வாய் வழியாகப் புதுக்காற்று உள்ளே புகுந்து நெருப்புக்குப் பிராணவாயுவை அளிக்கிறது. இதனையே இழுப்பு என்கிறோம்.

இந்த இழுப்பு எவ்வளவு மெல்லியது என்பது பலருக்குத் தெரியாது. புகைபோக்கியின் உயரம் 3 மீட்டர், உள்ளே செல்லும் வாயுவின் சராசரி உஷ்ணநிலை 150 டிகிரி சென்டிகிரேடு, வெளிக்காற்றின் உஷ்ணநிலை 30 டிகிரி எனக் கொள்வோம். அப்பொழுது உண்டாகும் இழுவிசை சுமார் 1 மில்லிமீட்டர் உயரமுள்ள நீரின் அழுத்தத்திற்கு மட்டுமே சமமாகும். எங்கேனும் ஒரு வெடிப்பின் வழியாகக் குளிர்ந்த காற்று உட்புகுந்து, வாயுவின் உஷ்ணநிலை 80 டிகிரிக்கு இறங்கிவிட்டால், இவ்விசையும் பாதியாகக் குறைந்துவிடும். இவ்வளவு மெல்லிய விசையை நம்பியே புகை வெளியேற வேண்டியிருப்பதால், சிறு வெடிப்பும் சிறு அடைப்பும் பெருந் தொல்லையாக முடிகின்றன.

கரி படிவதன் விளைவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயின் உட்புறத்தில் சுற்றிலும் 1 சென்டிமீட்டர் கனத்திற்குக் கரி படிந்தால் விட்டம் 8 சென்டிமீட்டராகிறது. வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாதலின், புகை செல்லும் வழியில் 100-க்கு 36 பங்கு அடைபட்டுவிடுகிறது. குழாயின் விட்டம் 7.5 சென்டிமீட்டராக இருப்பின் இழப்பு 46 பங்காகும்.

பழுதைக் கண்டறிதல்

அடுப்பு புகைகிறது என்றவுடன் அதை இடித்துக் கட்ட முற்படுதல் தவறு. முதலில் வெளியே நின்று, எரியும் அடுப்பின் புகைபோக்கியின் உச்சியைப் பார்க்க வேண்டும். அங்கே புகை தாராளமாக வெளிவந்தால் குழாயில் அடைப்பில்லை. அடுப்பின் மேடையிலோ எரிபொருளிலோதான் குறை உள்ளது. உச்சியில் புகை மிகச் சிறிதாக இருந்து, அறைக்குள் மிகுதியாக இருந்தால், குழாயிலோ புகைவழியிலோ அடைப்பு இருக்கிறது.

அடுத்து, எரியும் ஊதுவத்தி ஒன்றை அடுப்பின் வாய்க்கருகே பிடிக்க வேண்டும். வத்தியின் புகை உள்நோக்கி வளைந்தால் இழுப்பு நன்றாக உள்ளது. நேராக மேலெழுந்தால் இழுப்பு குறைவு. முன்னோக்கித் தள்ளப்பட்டால் இழுப்பே இல்லை. பிறகு அதே வத்தியை அடுப்புக் கண்களைச் சுற்றியும், மேடையிலுள்ள வெடிப்புகளின் மீதும், குழாய் மேடையுடன் சேருமிடத்திலும், குழாயின் இணைப்புகளிலும் மெதுவாகக் கொண்டுசெல்ல வேண்டும். வத்தியின் புகை எங்கே உள்ளே உறிஞ்சப்படுகிறதோ அங்கே வெளிக்காற்று புகுந்து இழுப்பைக் கெடுக்கிறது. எங்கே அது வெளித்தள்ளப்படுகிறதோ அங்கே அடுப்பின் புகை கசிகிறது. இரண்டும் அடைக்கப்பட வேண்டியவையே. இவ்விடங்களில் கரிக்கட்டியால் குறியிட்டுக்கொண்டு, அடுப்பு ஆறிய பின்னர் வேலையைத் தொடங்கலாம்.

குறைகளும் பரிகாரங்களும்

1. அடுப்பின் வாய் வழியாகப் புகை முன்னே வருதல்: அடிக்கடி கேட்கப்படும் முறையீடு இதுவே. குழாயில் கரி, புகைவழியில் சாம்பல், மூடப்படாத இரண்டாம் கண் ஆகிய மூன்றையும் இந்த வரிசையில் பார்க்க வேண்டும். இரண்டாம் பாத்திரம் தேவைப்படாத வேளைகளில் அக்கண்ணின் மீது நீர் நிறைந்த பாத்திரம் ஒன்றையோ, பொருத்தமான மூடியையோ வைத்தே தீர வேண்டும். வைகறையில் பற்ற வைக்கும்போது மட்டும் புகை வந்து, சற்று நேரத்தில் நின்றுவிடுமாயின் அது பழுதன்று. புகைபோக்கி குளிர்ந்திருப்பதே காரணம். துப்புரவு வாயிலில் அல்லது இரண்டாம் கண்ணில் ஒரு பிடி உலர்ந்த சருகை எரித்துக் குழாயைச் சூடாக்கியபின் விறகைப் பற்ற வைத்தால் புகை நேரே மேலேறிவிடும்.

2. பாத்திரத்தைச் சுற்றிப் புகை கசிதல்: பாத்திரத்தின் அளவும் கண்ணின் அளவும் பொருந்தாமையே காரணம். வீட்டில் வழக்கமாக உபயோகிக்கும் பாத்திரத்தையே அளவாகக் கொண்டு, கண்ணின் விளிம்பை ஈரக் களிமண்ணால் திருத்தி, அடியில் நீர் தடவிய அப்பாத்திரத்தைச் சற்றே அமுக்கிச் சுழற்றி எடுக்க வேண்டும். சிறிய பாத்திரங்களுக்கென உலர்ந்த மண் வளையம் ஒன்றைத் தனியே செய்து வைத்துக்கொள்ளுதல் நலம்.

3. இரண்டாம் பாத்திரம் சூடேறாதிருத்தல்: தடுப்பு மேடு தேய்ந்துபோனால் தீ பாத்திரத்தின் அடியைத் தொடாமல் நேரே குழாய்க்குள் சென்றுவிடும். மேட்டைப் பழைய உயரத்திற்கு உயர்த்த வேண்டும். ஆனால் மேட்டிற்கும் பாத்திரத்திற்கும் நடுவே வழி மிகவும் குறுகிவிட்டால் அடுப்பே புகையும். ஆதலால் சிறிது சிறிதாக உயர்த்தி, ஒவ்வொரு முறையும் ஊதுவத்தியால் சோதித்துக்கொள்ள வேண்டும்.

4. விறகு மிகுதியாகச் செலவாதல்: பெரிய கட்டைகளை அப்படியே செருகுவதற்காக அடுப்பின் வாயைச் செதுக்கிப் பெரிதாக்குவது எங்கும் காணப்படும் வழக்கம். தேவைக்கு மேற்பட்ட குளிர்ந்த காற்று அதன் வழியே புகுந்து, தீயைக் குளிர்வித்து, வெப்பத்தைப் புகைபோக்கிக்கு அடித்துச் செல்கிறது. வாயை மண் கொண்டு பழைய அளவிற்குக் குறைத்து, கட்டையைப் பிளந்து உபயோகிக்க வேண்டும். தகடு உள்ள அடுப்பில், தீ நன்கு பற்றிய பின்னர், புகை முன்னே வராத அளவிற்குத் தகட்டைச் சிறிது மூடிவைக்கலாம். தணல் உள்ளபோது முழுவதும் மூடுதல் கூடாது.

5. காற்று வீசும்போது மட்டும் புகை திரும்புதல்: குழாயின் உச்சி கூரைக்கு மேல் போதிய உயரம் எழும்பாமையோ, அருகில் உயரமான சுவரோ மரமோ இருப்பதோ காரணமாகலாம். குழாய், கூரையை விட்டு வெளிவரும் இடத்திற்கு மேல் குறைந்தது 60 சென்டிமீட்டராவது உயர்ந்திருத்தல் வேண்டும். கூரையின் முகட்டை விடத் தாழ்ந்திராமல் இருப்பது சிறப்பு. உச்சியில் தொப்பி இல்லாவிடில் பொருத்துக. தொப்பிக்கும் குழாய்க்கும் இடையே குழாயின் விட்டத்திற்குக் குறையாத இடைவெளி இருக்கட்டும். இவ்விடைவெளியில் பறவைகள் கூடு கட்டுவதும் உண்டு. அதையும் கவனிக்க வேண்டும்.

6. குழாயோரமாகக் கருநீர் வழிதல்: மழைநீர் கூரையின் துளை வழியே இறங்குவது ஒரு காரணம், ஈர விறகின் நீராவி குளிர்ந்த குழாயில் பட்டுத் தாருடன் கலந்து வழிவது மற்றொரு காரணம். வானம் வெளுத்திருக்கும் நாட்களிலும் வழியுமாயின் விறகில்தான் குறை என அறியலாம்.

புகைபோக்கியைச் சுத்தம் செய்தல்

நாள்தோறும் எரியும் அடுப்பின் புகைபோக்கியை மாதம் ஒரு முறையேனும் சுத்தம் செய்தல் அவசியம். ஈர விறகும் வறட்டியும் எரிக்கும் வீடுகளில் பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை செய்வது நலம்.

அடுப்பு முற்றிலும் ஆறிய பின்னரே இவ்வேலையைத் தொடங்க வேண்டும். பாத்திரங்களையும் உணவுப் பொருள்களையும் அகற்றிவிட்டு, இரு கண்களையும் வாயையும் ஈரச் சாக்கினால் மூடிவிடுக. சுத்தம் செய்பவர் மூக்கையும் வாயையும் ஈரத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். குழாயின் விட்டத்திற்குச் சற்றே மிகுந்த பருமனுக்குச் சாக்குத் துணியைப் பந்தாகச் சுருட்டி, அதை ஒரு நீண்ட கயிற்றின் நடுவே இறுகக் கட்டி, கயிற்றின் ஒரு நுனியில் சிறு கல்லைக் கட்டிக் குழாயினுள் இறக்க வேண்டும். மேலே ஒருவரும் கீழே துப்புரவு வாயிலருகே ஒருவருமாக நின்று, கயிற்றை மாறி மாறி இழுத்தால் கரி முழுவதும் உதிர்ந்துவிடும். கூரை மீது ஏற இயலாத வீடுகளில் மூங்கிற் கழியின் நுனியில் துணிப்பந்தைக் கட்டிக் கீழிருந்து மேலே செலுத்தலாம். ஓட்டுக் கூரையின் மீதும் தகட்டுக் கூரையின் மீதும் நேரே கால் வைத்து ஏறுதல் ஆபத்து. ஏணியிலிருந்தே வேலை செய்ய வேண்டும்.

உதிர்ந்த கரியை வாரி வெளியே குழியிலிட்டுப் புதைத்துவிடுக. விறகுச் சாம்பலில் பயிர்களுக்கு வேண்டிய பொட்டாஷ் சத்து உண்டாதலின் அது எருக்குழிக்கு உதவும். புகைபோக்கிக் கரியை அதனுடன் கலக்க வேண்டுவதில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை கூறுதல் கடமையாகும். முன்னாட்களில் அமைக்கப்பெற்ற அடுப்புகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுக் குழாய்கள் பொருத்தப்பெற்றுள்ளன. அவற்றை அறுப்பதாலும் துளைப்பதாலும் உடைப்பதாலும் எழும் தூசு நுரையீரலுக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும்; புற்றுநோயும் உண்டாகக்கூடும். அத்தகைய குழாயைக் கம்பியால் சுரண்டாமல், ஈரமாக்கிய மென்மையான துணியால் மட்டுமே துடைக்க வேண்டும். அது வெடித்துவிட்டால் ஒட்டுப் போட முயலாமல், நனைத்த நிலையில் முழுதாகக் கழற்றி அகற்றிவிட்டு, தகட்டுக் குழாயையோ சுட்ட மண் குழாயையோ பொருத்துவதே தகும்.

வெடிப்புகளை அடைத்தல்

மண் அடுப்பு வெடிப்பது இயல்பு. களிமண் உலரும்போது சுருங்குகிறது. நெருப்பில் விரிந்து மீண்டும் சுருங்குகிறது. மயிரிழை போன்ற வெடிப்புகளைச் சாணமும் களிமண்ணும் கலந்து நாள்தோறும் மெழுகும் பழக்கமே அடைத்துவிடும். நமது பெண்மணிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வரும் இம்மெழுகுதல், விஞ்ஞான முறைக்கு முற்றிலும் பொருந்திய பராமரிப்பேயாகும்.

விரல்நுனி நுழையுமளவு வெடிப்புகளுக்கு மேற்பூச்சு போதாது. வெடிப்பைக் கத்தியால் உள்ளளவும் அகலப்படுத்தி, உதிரியான மண்ணை அகற்றி, நீர் தெளித்து நன்கு நனைக்க வேண்டும். உலர்ந்த மண் புதிய சாந்திலுள்ள நீரை உறிஞ்சிவிடுமாதலின், நனைக்காமல் பூசிய சாந்து ஒட்டாமல் பெயர்ந்துவிடும். சலித்த களிமண், மணல், நறுக்கிய வைக்கோல், சிறிது சாணம் ஆகியவற்றைப் பிசைந்து ஓரிரவு ஊற வைத்த சாந்தே தக்கது. ஒவ்வொரு வட்டாரத்திலும் களிமண்ணின் குணம் வேறுபடுவதால் மணலின் அளவைச் சோதித்தே முடிவு செய்ய வேண்டும். சாந்தினால் உள்ளங்கையளவு வில்லைகள் சிலவற்றை வெவ்வேறு அளவு மணல் சேர்த்துத் தட்டி நிழலில் உலர்த்துக. உலர்ந்த பின் வெடிக்கும் வில்லையில் மணல் போதவில்லை. தேய்த்தால் உதிரும் வில்லையில் மணல் மிகுதி. வெடிக்காமலும் உதிராமலும் நிற்பதே சரியான கலவை. அடைத்த இடம் நிழலில் உலர்ந்த பிறகு முதலில் சிறு தீ மூட்டி, படிப்படியாகவே பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

தீ அறையினுள் சிமெண்டு பூசுதல் கூடாது. சிமெண்டுப் பூச்சும் மண்ணும் ஒரே அளவில் விரிவதில்லை. மேலும் கடுந்தீயில் சிமெண்டு தன் பிணைப்பை இழந்து பொடிந்துவிடும். "ஒரே முறையாக உறுதியாக இருக்கட்டும்" என்று செலவு செய்து பூசிய சிமெண்டு பெயரும்போது, அடியிலுள்ள நல்ல மண்ணையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு போகும்.

விறகும் ஒரு காரணம்

அடுப்பை எவ்வளவு திருத்தினாலும் விறகு ஈரமாயிருந்தால் பயனில்லை. 1 கிலோகிராம் விறகில் 400 கிராம் நீர் இருப்பதாகக் கொள்வோம். 30 டிகிரியிலுள்ள அந்நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்து ஆவியாக்க ஏறக்குறைய 240 கிலோ கலோரி வெப்பம் செலவாகிறது. எஞ்சிய 600 கிராம் உலர்ந்த விறகு அளிக்கும் வெப்பத்தில் இது சுமார் பத்தில் ஒரு பங்கு. இதனினும் பெரிய தீமை என்னவெனில், தீயின் உஷ்ணநிலை தாழ்ந்து, விறகிலிருந்து வெளிப்படும் வாயுக்கள் எரியாமலே புகையாகவும் தாராகவும் வெளியேறுகின்றன. அத்தாரே குழாயில் படிகிறது. ஈர விறகு எரித்தவர் விறகையும் இழக்கிறார்; குழாயையும் விரைவில் இழக்கிறார்.

விறகைப் பெருவிரல் பருமனுக்குப் பிளந்து, தரையில் படாமல் கட்டைகளின் மீது அடுக்கி, காற்றோட்டமுள்ள கூரையடியில் மழைக்காலத்திற்கு முன்பே சேமித்து வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பைகளையும் ரப்பரையும் தீ மூட்டுவதற்காக எரிக்கும் வழக்கம் பரவியுள்ளது. அவற்றின் புகை நச்சுத்தன்மையுடையது. உலர்ந்த சருகே போதுமானது.

அபாயங்கள்

நீண்ட நாள் சுத்தம் செய்யப்படாத புகைபோக்கியில் தார் தீப்பற்றிக்கொள்வதுண்டு. குழாயில் பேரிரைச்சல் கேட்பதும், உச்சியில் தீப்பொறி பறப்பதும் இதன் அறிகுறிகள். உடனே அனைவரையும் வெளியேற்றி, அடுப்பின் வாயையும் கண்களையும் ஈர மண்ணாலோ ஈரச் சாக்கினாலோ அடைத்துக் காற்றை நிறுத்த வேண்டும்; கூரை வேய்ந்ததாயின் அதன் மீது நீர் தெளிக்க வேண்டும். சூடான குழாயினுள் நீர் ஊற்றினால் குழாய் வெடிக்கும். எழும் நீராவியும் சுடும். தீ தணிந்த பின்னரும் குழாயை முழுதும் சோதிக்காமல் மீண்டும் அடுப்பு மூட்டுதல் கூடாது. ஓலையும் வைக்கோலும் வேய்ந்த கூரையில் குழாய் புகுமிடத்தைச் சுற்றி அகன்ற தகட்டு வளையம் அமைத்து, கூரைப் பொருள் குழாயைத் தீண்டாதவாறு செய்தல் எப்பொழுதும் அவசியம்.

மேற்கூறிய விதிகள் சமையலறைக்கு மட்டும் உரியவையல்ல. காஷ்மீர், லடாக், ஹிமாசலப் பிரதேசம் போன்ற குளிர்ப் பிரதேசங்களில் அறையைச் சூடாக்க உபயோகிக்கும் 'புகாரி' என்னும் தகட்டுக் கணப்பு அடுப்பிற்கும் இவை பொருந்தும். அங்கு அபாயம் இன்னும் பெரிது. குளிருக்கு அஞ்சிக் கதவும் சாளரமும் மூடப்பட்ட அறையில் குழாய் அடைபட்டால் கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு தேங்குகிறது. அதற்கு நிறமும் மணமும் இல்லை; உறங்குபவர் உறக்கத்திலேயே உயிரிழக்க நேரும். தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை வீட்டிலுள்ள பலருக்கு ஒரே சமயத்தில் தோன்றினால் உடனே வெளியே திறந்த காற்றுக்கு வந்து, மருத்துவ உதவியை நாட வேண்டும். தணல் நிறைந்த சட்டியை மூடிய அறையில் வைத்து உறங்குவதும் இதே காரணத்தால் ஆபத்தானது. குளிர்காலம் முடிந்ததும் புகாரியின் குழாய்களைக் கழற்றிக் கரியை நீக்கி, பெட்டியிலுள்ள சாம்பலை முற்றிலும் அகற்றிவிட வேண்டும். சாம்பல் ஈரத்தை ஈர்த்து வைத்துத் தகட்டை அரித்துவிடும். மீண்டும் பொருத்தும்போது மேற்குழாயின் முனை கீழ்க்குழாயினுள் இறங்குமாறு பொருத்தினால் தார்நீர் வெளியே வழியாது.

பராமரிப்புக் கால வரிசை

நாள்தோறும்: தீ அறையிலிருந்தும் கம்பித் தட்டின் அடியிலிருந்தும் சாம்பலை அகற்றுக. மேடையை மெழுகுக. உபயோகிக்காத கண்ணை மூடுக.

வாரந்தோறும்: புகைவழியையும் இரண்டாம் கண்ணின் அடியையும் துழாவிச் சாம்பலை வாருக. வெடிப்புகளைப் பார்வையிட்டுச் சிறியனவாயிருக்கும்போதே அடைக்க.

மாதந்தோறும்: புகைபோக்கியைச் சுத்தம் செய்க. ஊதுவத்திச் சோதனை நடத்துக.

ஆண்டுதோறும், மழைக்காலத்திற்கு முன்: குழாய் இணைப்புகள், தொப்பி, கூரைத் துளை ஆகியவற்றைச் சோதிக்க. தடுப்பு மேடும் அடுப்பின் வாயும் உரிய அளவில் உள்ளனவா என அளந்து பார்க்க. விறகைச் சேமிக்க.

விலை கொடுத்து வாங்க வேண்டியவை குழாய், தொப்பி, கம்பித் தட்டு ஆகிய மூன்று மட்டுமே. மேற்கண்ட வரிசையைக் கடைப்பிடிக்கும் இல்லங்களில் இம்மூன்றும் நெடுங்காலம் உழைக்கும். மற்ற யாவும் மண்ணாலும் கையாலும் ஆகக்கூடியவை.

ஊழியரும் ஆசிரியரும்

கள ஊழியர் ஒரு வீட்டிற்குச் சென்று அடுப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு திரும்புவதில் பயனில்லை. அது எரியும் வேளையில் சென்று, சமைக்கும் பெண்மணியின் பக்கத்தில் சிறிது நேரம் அமர்ந்து பார்க்க வேண்டும். அவருக்கு எந்தப் பாத்திரம் பொருந்தவில்லை, எந்த விறகு கிடைக்கிறது, கூரை மீது ஏற வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பவற்றை அவரிடமே கேட்டறிய வேண்டும். அடுப்பின் வாயை ஒருவர் பெரிதாக்கியிருந்தால் அதற்குத் தக்க காரணம் அவரிடம் இருக்கும்; கோடரி இல்லாமையே அக்காரணமாகவும் இருக்கலாம். முதல் முறை புகைபோக்கியை ஊழியர் தாமே சுத்தம் செய்து காட்டினால், அடுத்த முறை வீட்டாரே செய்வர். ஊருக்குப் பொதுவாக ஒரு ஏணியும் ஒரு துணிப்பந்துக் கயிறும் இருந்தால் பெரும் உதவியாகும். இவ்வேலையைப் பெண்கள் மீது மட்டும் சுமத்தாமல் வீட்டு ஆடவரையும் ஈடுபடுத்துதல் அவசியம்.

ஆசிரியர்களுக்கோ இவ்வடுப்பு ஓர் ஆய்வுக்கூடமே ஆகும். சூடான காற்று மேலெழுதல், வட்டத்தின் பரப்பு, களிமண்ணின் சுருக்கம் ஆகிய அனைத்தையும் இதைக் கொண்டு கற்பிக்கலாம். பச்சை விறகின் துண்டு ஒன்றை நிறுத்து, எடை மேலும் குறையாத வரையில் வெயிலில் உலர்த்தி மீண்டும் நிறுத்து, வெளியேறிய நீரின் அளவை மாணவர்கள் தாமே கணக்கிடலாம். எரியும் அடுப்பில் செய்யும் ஊதுவத்திச் சோதனையைப் பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போதே செய்யுமாறு அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

புகைபோக்கி அடுப்பு புகையை அழிப்பதில்லை. அறையிலிருந்து வெளியே அனுப்புகிறது. எரிவாயு அடுப்பைப் போன்ற தூய்மையை அதனிடம் எதிர்பார்த்தல் இயலாது. எரிவாயுவை உபயோகிக்கும் வசதி உள்ள இல்லங்கள் அன்றாடச் சமையலை அதிலேயே செய்துகொள்வது உடல்நலத்திற்கு ஏற்றது. எனினும், விறகு எரியும் இல்லம் ஒன்று உள்ளளவும், அங்கே எழும் புகை அடுப்பின் முன் அமர்ந்திருக்கும் தாயின் கண்ணையும் மார்பையும் அடையாமல் குழாய் வழியே வெளியேற வேண்டும். அதற்கு வேண்டுவது புதிய அடுப்பன்று. உள்ள அடுப்பிற்கு மாதம் ஒரு முறை ஒரு மணி நேர உழைப்பும், நாள்தோறும் சில நிமிடக் கவனமுமேயாகும்.